சுவாமிமலையில் வார்த்த மூடி

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் உண்டு. ஒன்று ஓடும், அதனால் அது வெயிலில் நிற்கும். மற்றொன்று ஓடாது, அதற்குத் தகரக் கூரை போட்ட ஷெட், ஷெட்டுக்குள் ஒரு மின்விசிறி, மேலே போர்த்துவதற்கு ஒரு பழைய ஜமுக்காளம். ஓடும் காரை ஓட்டுகிறவள் நான். தஞ்சாவூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். சித்திரை மாதத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டுமானால் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பேன். ஓடாத கார் அப்போது விசிறிக் காற்றில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஓடாத கார் என் கணவருடையது. இங்கிலாந்தில் செய்தது, எங்கள் இருவர் வயதையும்விடக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டே பேர் உட்காரலாம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய ரைஸ்மில்லை இடித்தபோது உமி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். துணிக் கூரை இருந்திருக்கிறது, அதை எலிகள் தின்றுவிட்டிருந்தன. உள்ளே உட்கார்ந்தால் ஏறக்குறைய ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரிதான். பக்கத்தில் போகும் பஸ்ஸின் சக்கரம் நம் தலைக்கு மேல் சுற்றும். இதற்குப் பெயர் ஸ்போர்ட்ஸ் கார் என்று அவர் சொன்னார். எனக்கும் ஆட்சேபம் இல்லை, அதைத் தள்ளுவது நல்ல தேகப்பயிற்சிதான்.

ஓடவே ஓடாது என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். ஓடும். கிளம்பும்போது நன்றாகவே உறுமும். தெருமுனை தாண்டும், கடைத்தெரு தாண்டும், வடவாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் காலை அழுத்தியதும் நாலு இருமல் இருமி நின்றுவிடும். ஒன்பது வருஷத்தில் அது போன அதிகபட்ச தூரம் அந்தப் பாலம்தான். அங்கிருந்து தள்ளிக்கொண்டு வருவோம். நான் தள்ளுவேன், அவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். ஸ்டீயரிங் பிடிப்பது நுட்பமான வேலையாம்.

காரணம் ஒரு மூடி. அந்த இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது அவற்றின் வேலை. ஒவ்வொன்றின் உச்சியிலும் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பித்தளைத் திருகு மூடி இருக்க வேண்டும். மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் நுனியில் ஒரு குண்டு. அது எண்ணெயில் முழுகியிருக்கும். நாம் காலை அழுத்தியதும் உள்ளே இருக்கிற பிஸ்டன் துள்ளிக் குதிக்காமல் நிதானமாக எழுவதற்கு அதுதான் பிடித்துக்கொள்ளுமாம். இரண்டு மூடியில் ஒன்று ரைஸ்மில்லிலேயே தொலைந்துபோயிருந்தது. அந்த இடத்தில் அவர் ஒரு மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியைச் செருகி வைத்திருந்தார்.

போன சித்திரையில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிறவர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம், எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "விக்கறதா இல்ல சார்" என்று இவர் வைத்துவிட்டார். அப்போதுதான் நான் வெயிலில் நின்ற காரிலிருந்து இறங்கி, சிவந்த உள்ளங்கையோடு உள்ளே வந்தேன். நல்ல நேரம்தான்.

"அந்த நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் டயம் குடு."

"ஒன்பது வருஷம் குடுத்தாச்சு. இப்பக் கணக்கா ஒரு நாள் வெச்சுக்குவோம். பதினெட்டாம் பெருக்கு. அன்னைக்கு என்னை இதுல உக்கார வெச்சுத் திருவையாறு போய்ட்டுத் திரும்பணும். போக அஞ்சு பாலம், வர அஞ்சு பாலம். ஒரு பாலத்துல நின்னாலும் அவர் லாரியோட வரலாம்."

மறுப்பார் என்று நினைத்தேன். ஷெட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு "சரி" என்றார். அவரே கோயம்புத்தூர்க்காரருக்கு மறுபடியும் போன் போட்டு, பதினெட்டாம் பெருக்கு அன்று சாயங்காலம் வந்து பாருங்கள், முடிவு சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பது அவரிடம் எனக்குப் பிடித்த குணங்களில் ஒன்று, ஆனால் எனக்குச் சாதகமாக அது வேலை செய்வது அபூர்வம்.

அந்த வண்டி அவருக்கு என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆற்றுப் பாசனத்தில் பொறியாளராக இருந்தவர். எந்த ஆற்றில் வருகிற தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு விடுவது என்று பார்க்கிற வேலை. ஆனி, ஆடி வந்தால் போன் ஓயாது. "சார், எங்க கடமடை வயலுக்கு இன்னும் தண்ணி வரலீங்க" என்று சாப்பாட்டுத் தட்டில் கை இருக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. இப்போதும் மேட்டூர் திறந்த செய்தி வந்தால் போனை எடுத்துச் சார்ஜில் போடுவார். யாரும் கூப்பிடுவதில்லை. காலையில் டிபன் முடித்து ஷெட்டுக்குப் போகும்போது மட்டும் அவருக்குப் பழைய ஆபீஸ் நடை வரும். அந்த வண்டி போனால் அவர் எங்கே நடந்து போவார் என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு, ஸ்டீயரிங்கையும் நினைத்துக்கொள்வேன்.

மூடிக்கு முதலில் இங்கிலாந்துக்கே ஆர்டர் போட்டார். ஒன்றரை மாதம் கழித்துப் பார்சல் வந்தது. மூடி எங்கள் மூடிக்குக் கூடப்பிறந்தது மாதிரிதான் இருந்தது, திருகுகிற மரை மட்டும் சேரவில்லை. வேறு மாடலுக்கானதாம். பிறகு கீழவாசல் பக்கம் ஒரு லேத்துக்காரரிடம் போனார். அவர் கம்பியையும் குண்டையும் அரை நாளில் கடைந்து கொடுத்துவிட்டார். மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது பழைய இங்கிலீஷ் மரை சார். இதுக்கு என்கிட்டப் பல்சக்கரம் இல்ல. கிட்டத்தட்டப் போட்டுத் தரலாம். ஆனா கிட்டத்தட்டத்தான் இருக்கும். மரையோட அச்சு அசலா வேணும்னா மெழுகுல எடுத்து வார்க்கணும். சுவாமிமலைக்குப் போங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார் என்று எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு. இவர் விளையாட்டை எல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அன்றே புறப்படத் தயாராகிவிட்டார். மாதிரிக்குக் கொடுக்க மிச்சமிருந்த அந்த ஒரே மூடியை என்னிடம் நீட்டினார். அது பித்தளை என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும், அப்படி ஒரு கறுப்பு.

"கொஞ்சம் தேய்ச்சுக் குடேன். போற எடத்துல மானம் போகாம இருக்கும்."

குத்துவிளக்கோடு அதையும் போட்டுப் புளியால் தேய்த்தேன். கறுப்பு போகப் போக மூடியின் தலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். பிசின் மாதிரி பழைய அழுக்கு வந்தது. மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் குத்தி, அலசி, துடைத்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாத்திரம் தேய்க்கிறவளிடம் யாரும் அறிக்கை கேட்பதில்லை, நானும் கொடுக்கவில்லை.

சுவாமிமலையில் நாங்கள் பார்க்கப் போன சிலைப் பட்டறைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். டீ ஷர்ட், காதில் ப்ளூடூத், வெளிநாட்டுக் கோயில் ஒன்றிலிருந்து வந்த ஆர்டரைப் பற்றி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பாதி முடிந்த அம்மன்களும் பெருமாள்களும் மண் தரையில் படுத்திருந்தார்கள். பேசி முடித்துவிட்டு வந்து மூடியைக் கையில் வாங்கினார்.

"இது எந்த சாமிக்குங்க?"

"கார்புரேட்டருக்கு" என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"சரிங்க" என்றார் அவர். அப்படியும் ஒரு சாமி எங்கோ இருக்கும் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

விஷயத்தை விளக்கியதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. மெழுகில் மரையை அப்படியே எடுத்துவிடலாம், வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றலாம் என்று சொன்னார். ஊற்றிய உலோகம் ஆறும்போது ஒரு மயிரிழை சுருங்கும், அதனால் மெழுகிலேயே ஒரு மயிரிழை கூட்டிப் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். இவர் கண் கலங்காத குறை. ஒன்பது வருஷத்தில் இவரிடம் மயிரிழைக் கணக்கில் பேசிய முதல் மனிதர் அவர்தான். திரும்பி வருகிற வழியில் பாபநாசம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மூடி தயார் என்று ஆடி பதினாலாம் தேதி செய்தி வந்தது. இவர் ஒரு துக்கத்துக்காக மயிலாடுதுறை போயிருந்ததால், பள்ளிக்கூடம் முடிந்து நான் போனேன். பட்டறைக்காரர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் இரண்டு மூடிகளையும் வைத்து, பக்கத்தில் ஒரு சாமந்திப் பூவும் வைத்துக் கொடுத்தார். புது மூடி தங்கம் மாதிரி ஜொலித்தது. பழைய மூடியின் தலையைச் சுற்றிப் பிடித்துத் திருகுவதற்கு வெறும் கோடுகள்தான் இருக்கும். புதியதில் அந்த இடத்தில் இதழ் இதழாகத் தாமரை.

"புடிச்சுத் திருக வாகா இருக்கட்டுமேன்னு உளி போட்டேன் டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பழசுல உச்சியில ஒரு பொத்தல் இருந்துச்சுங்க. மெழுகுலயே அதை அடைச்சுட்டேன். பழசை மட்டும் அப்படியே திருப்பிக் குடுக்க மனசு வரல. அதையும் ஒரு சொட்டு பித்தளை வெச்சு அடைச்சு ராவிட்டேன். இப்ப ரெண்டுலயும் ஊனம் இல்ல."

அவர் தொழிலில் பொத்தல் என்றால் பழுது. வார்க்கும்போது உள்ளே காற்று நின்றுவிட்டால் உருவத்தில் ஒரு பொத்தல் விழும், பொத்தல் விழுந்த விக்கிரகத்தைக் கோயிலுக்குக் கொடுக்க மாட்டார்கள், உடைத்து மறுபடியும் உருக்கிவிடுவார்கள். பொத்தலைத் தேடுவதும் அடைப்பதுமாகவே வளர்ந்த மனிதர். யாரோ இங்கிலாந்துக்காரன் கவனக்குறைவாக விட்ட பழுதை நமக்காகச் சரிசெய்திருக்கிறாரே என்று நானும் நெகிழ்ந்துபோய், இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கி, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பிப்பெட்டின் தலையில் விரலை வைத்துக் காட்டுகிறவள் நான். மேலே விரல் அடைத்திருக்கிற வரைக்கும் கீழே ஒரு சொட்டுக்கூட இறங்காது என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மறுநாள் காலையில் இவர் குளித்துவிட்டு வந்து மூடிகளை மாட்டினார். மரை வெண்ணெய் மாதிரி ஏறியது. எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வண்டியைக் கிளப்பினார். முன்பு வடவாறு வரைக்கும் போன வண்டி இப்போது தெருமுனைக்கே போகவில்லை. காலை அழுத்தினால் மூச்சு முட்டியது மாதிரி ஒரு சத்தம், உடனே நின்றுவிடும். அன்று மூன்று தடவை தள்ளினோம். எண்ணெயை மாற்றினார், கம்பியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவது தடவை நான் தள்ளி முடித்துவிட்டுக் கேலியாக ஏதோ சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது கவலைப்பட வேண்டிய அறிகுறி.

அடுத்த நாள் ஆடி பதினாறு, சாயங்காலம். பெருக்குக்குச் சித்திரான்னம் செய்ய நல்லெண்ணெய் டின் ஒன்று வாங்கியிருந்தேன். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். கொடக் கொடக்கென்று விக்கிவிக்கி விழுந்தது. வழக்கம்போல எதிர்மூலையில் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட ஆணியை வைத்தேன். கூடத்தில் இவர் யாரோ பழைய கார் பிரியரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், வீடியோவுல பாத்தேன். மூடியில ஓட்டை இருக்கற ரகம் ஒண்ணு, இல்லாத ரகம் ஒண்ணு. நம்மளது ஓட்டை இல்லாத ரகம் சார். ஒன்பது வருஷமாப் பாக்கறேனே."

சுத்தியல் என் கையிலேயே நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக அவர் பார்த்தது அழுக்கு அடைத்த மூடியை. ஊக்கால் குத்தி அதைத் திறந்தது நான். திறந்ததை அடைத்தாயிற்று என்று கேட்டுக்கொண்டு வந்ததும் நான். உலகத்திலேயே இந்த மூன்றும் தெரிந்த ஒரே ஆள் எண்ணெய்க் கையோடு அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். முன்பு ரப்பர் மூடியின் இடுக்கு வழியாக ஒன்றுக்குள்ளாவது காற்று போய் வந்திருக்கும், இப்போது இரண்டுக்குமே வழியில்லை, அதனால் பிஸ்டன் எழவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆணியை அடித்தேன். எண்ணெய் நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் சொல்லவில்லை, பதினேழாம் தேதி காலையில் காபி கொடுக்கும்போதும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன், மூன்று வகுப்பு எடுத்தேன், மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். நான் பொய் சொல்லவில்லை, சொல்லாமல்தான் இருந்தேன் என்று எனக்கே வக்கீல் வைத்து வாதாடினேன். இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் லாரி வரும், ஏற்றிக்கொண்டு போகும், ஷெட் காலியாகும். ஒன்பது வருஷம் தள்ளிய எனக்கு அவ்வளவு உரிமை இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். உரிமை இருந்தது. ஆனாலும் தயிர்சாதம் இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அந்த வண்டி வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றது. கழுவித் துடைத்திருந்தார். ஷெட் காலி. ஸ்பேனர்களையெல்லாம் ஒரு யூரியாச் சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் வைத்திருந்தார். தரையைத் தண்ணீர் விட்டு அலசி, சாக்பீஸால் இரண்டு கோடு போட்டிருந்தார், என் காரின் சக்கரங்கள் வர வேண்டிய இடத்துக்கு. பின்சுவரில் ஒரு பழைய டயர்த் துண்டை ஆணி அடித்து மாட்டியிருந்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோட்டைப் பாத்து உள்ள விடு. நீ எப்படியும் சுவத்துல இடிப்ப, அதுக்குத்தான் டயர்."

கேலிதான். ஆனால் குரல் கேலியாக இல்லை. நாளைக்குத் தோற்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, தோற்பதையும் அளவெடுத்து ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். என்மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

"என்னங்க, அந்த மூடியில ஓட்டை இருந்துச்சு."

"எந்த மூடியில?"

"பழசுல. புளி போட்டுத் தேய்க்கும்போது நான்தான் ஊக்கு விட்டு அழுக்கை எடுத்தேன். சுவாமிமலைக்காரர் அதைப் பழுதுன்னு நெனச்சு ரெண்டையும் அடைச்சுட்டார். என்கிட்டச் சொல்லித்தான் குடுத்தார்."

அவர் துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"உனக்கு எப்பப் புரிஞ்சுது?"

"நேத்துச் சாயங்காலம். எண்ணெய் டின் திறக்கும்போது."

"நேத்து" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "காலையில அஞ்சரைக்குக் கிளம்பணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிகளைக் கழற்றப் போனார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று லேத்தெல்லாம் மூடியிருக்கும், இவரிடம் இருக்கிற ட்ரில்லோ சுவரில் ஓட்டை போடுவதற்கானது. அதனால் ஓடும் காரில் மறுபடியும் சுவாமிமலை. பட்டறைக்காரர் குளித்துப் பட்டை போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஓட்டை போட வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நல்லா இருக்கறதுல பொத்தல் போடறதாங்க? அதுவும் இன்னைக்கா? என் கையால எப்படிங்க?"

இவர் பிஸ்டன், காற்று என்று விளக்க ஆரம்பித்தார். விளக்கம் நீண்டுகொண்டே போனது. நான் குறுக்கே புகுந்தேன்.

"தம்பி, அம்மனுக்கு மூக்குத்தி போடத் துளை விடுவீங்கள்ல?"

"அது நகைக்குங்க டீச்சர். அது பொத்தல் இல்ல."

"இது அது மூச்சு விடறதுக்கு. இங்கிலாந்துக்காரன் தெரிஞ்சேதான் வெச்சிருக்கான். நாமதான் அடைச்சுட்டோம்."

அவர் இரண்டு மூடிகளையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். இவர் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெருமாளின் காலை ஆராய்ந்தார். துளை போட இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. வெறும் துளையாக விட்டால் ஊனம் மாதிரி தெரியும் என்று சொல்லி, அதைச் சுற்றி ஒரு வளையம் செதுக்க உட்கார்ந்தார், அதற்கு முக்கால் மணி நேரம். இரண்டு மூடிக்கும் செதுக்கினார். ஆற்றுக்குக் கிளம்பி நின்ற அவர் குடும்பம் எங்களைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து மாட்டினோம். சித்திரான்னத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். தெருமுனை வந்தது, கடைத்தெரு வந்தது. வடவாற்றுப் பாலத்தில் நான் பழக்கதோஷத்தில் கதவைத் திறக்கக் கை வைத்தேன். வண்டி ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டினோம். எல்லா ஆற்றிலும் கரை தொட்டுத் தண்ணீர். இவர் ஒவ்வொரு ஆற்றுக்கும் எந்த மதகில் எவ்வளவு போகிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார், காற்றில் பாதிதான் கேட்டது. ஒவ்வொரு பாலம் தாண்டும்போதும் இப்போது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஐந்தாவது பாலத்தில் காவிரியைப் பார்த்தபோது எனக்கு அந்த வண்டி பிடித்துப்போயிருந்தது, அதை அவரிடம் சொல்லும் தைரியம்தான் வரவில்லை.

திருவையாற்றுக் கூட்டத்தில் வண்டியைச் சுற்றி நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். வண்டியிலேயே உட்கார்ந்து புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் சாப்பிட்டோம். திரும்பும்போதும் ஐந்து பாலம். எங்கேயும் நிற்கவில்லை.

நாலு மணிக்குக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, அமைதியான மனிதர். லாரியைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். ஓடாத வண்டியைப் பார்க்க வந்தவருக்கு இவர் வண்டியை ஓட்டிக் காட்டினார், பானெட்டைத் திறந்தும் காட்டினார். அவர் குனிந்து அந்தத் தாமரை மூடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்லீங்க. இதை விட்டுட்டுப் போக மனசு வராதுங்க. நீங்க என்ன வெலை சொன்னாலும் எனக்குச் சம்மதமுங்க. சொல்லுங்க."

இவர் பானெட்டை மெதுவாக மூடினார்.

"என்னைக் கேக்காதீங்க சார். இவங்களக் கேளுங்க. நேத்து ஒரு நாள் பூரா வண்டி இவங்க கையிலதான் இருந்துச்சு."

கோயம்புத்தூர்க்காரர் என்னை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார், நான்தான் நேற்று முழுவதும் அதை ஓட்டினேன் என்று எண்ணிக்கொண்டு. எனக்கு முகம் சுட்டது. இவர் என்னைப் பார்க்கவில்லை, விரலால் பானெட்டில் இருந்த ஒரு தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், குடுக்கறதா இல்ல. உள்ள வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.

அவர் காபி சாப்பிட்டுவிட்டு, மனசு மாறினால் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காலி லாரியோடு போனார். அந்த ஒரு நாளைப் பற்றி என் கணவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை. பேசினால் நான் சண்டை போடுவேன், ஜெயித்தும் விடுவேன். அது அவருக்குத் தெரியும்.